ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்கள் எங்கே போனார்கள்?

தையல்காரி (கோ. புதூர்) · ஞாயிறு, இரவு 11:40

மூன்று வருடமாக இங்கே வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிளவுஸ் அளவு குறித்து வைப்பதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து பதினான்கு மாதமாகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். பகல் ஒரு மணிக்கு உள்ளே போனால் வெளியே வர ஐந்தரை ஆகிவிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. அதனால்தான் வீடு இன்னும் எங்களுடையதாக இருக்கிறது. ஆட்டோவுக்கும், அந்த நான்கரை மணி நேரத்தில் நான் தைக்காமல் விடும் துணிகளுக்கும் எந்தத் திட்டமும் இல்லை.

முதல் மாதம் எங்கள் சபையிலிருந்து வந்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். எல்லார் கையிலும் ஆரஞ்சு, சாத்துக்குடி, வாழைப்பழம். அவருக்கு அவை எதுவுமே ஆகாது, பொட்டாசியம் ஏறிவிடும். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனபின் தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுப்பேன். அந்த மாதம் எங்கள் தெருப்பிள்ளைகள் சற்றுக் கொழுத்தார்கள். மூன்றாம் மாதம் நான்கு பேர் வந்தார்கள். ஆறாம் மாதத்திலிருந்து யாரும் இல்லை.

வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்தவர்களில் ஒரு மூத்த சகோதரி, போகும்போது வாசற்படியில் நின்று, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று உபவாசம் இருந்து பாருங்கள்" என்றார். அப்போது அவருடைய செருப்பைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் ஆராதனையில் ஒருவர் தமது சிறுநீரகக் கல் ஜெபத்தில் கரைந்ததாகச் சாட்சி சொன்னார். மகிழ்ச்சிதான். ஆனால் ஆமென் சொன்ன தலைகளில் பாதி என் பக்கம் திரும்பின. அதுமுதல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து வந்துவிடுகிறேன்.

என் கேள்வி இதுதான். ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று நம்புகிறேன். நம்பிக்கொண்டே தனியாகவும் இருக்கிறேன். டயாலிசிஸ் அறைக்கு வெளியே அந்த இரும்பு நாற்காலியில் உட்காரும்போது, இவ்வளவு பெரிய மதுரையில் எனக்கென்று ஓர் ஆள் இல்லை என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே அவிசுவாசமா?

வசனம் அனுப்ப நினைப்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் வேதாகமம் இருக்கிறது.

எழுப்புதல் தீ (திருப்பரங்குன்றம்) · ஞாயிறு, இரவு 11:52

சகோதரி, ரோமர் 8:28. விசுவாசத்தோடு அறிக்கையிடுங்கள். சுகம் உங்களுடையது. ஸ்தோத்திரம்!

கடுகு (செல்லூர்) · ஞாயிறு, இரவு 11:55

அவர் எழுதியதன் கடைசி வரியை வாசிக்க அண்ணனுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதவில்லை போலிருக்கிறது.

மேலூர் வாத்தியார் (மேலூர்) · திங்கள், காலை 5:20

அம்மா, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இல்லை, அது அவிசுவாசம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். வசனம் அனுப்புகிறேன் என்று எண்ண வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு கதையைக் கூட உட்கார்ந்து மறுபடி வாசிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யோவான் ஐந்தாம் அதிகாரம், பெதஸ்தா குளம். ஐந்து மண்டபங்கள் நிறைய நோயாளிகள். நம் பெரியாஸ்பத்திரியில் திங்கட்கிழமை காலை புறநோயாளிச் சீட்டு வாங்க நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், அப்படி ஒரு கூட்டம். அதன் நடுவில் 38 வருடமாக நோயோடு கிடந்த ஒருவனிடம் இயேசு "சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்கிறார். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டிய கேள்வி. அவன் இரண்டையும் சொல்லவில்லை. "என்னைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறதற்கு ஒருவருமில்லை" என்கிறான்.

அவன் வாயிலிருந்து நோயின் பெயர் வரவில்லை, வலி வரவில்லை. ஆள் இல்லை என்பதுதான் முதலில் வருகிறது. அதுவும் அத்தனை பேர் நடுவில் படுத்துக்கொண்டு. முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். கேட்ட கேள்விக்கு விடை எழுதாதவனுக்கு மதிப்பெண் போட்டதில்லை. இயேசு அவனுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. "நான் வந்து நிற்கும்போது ஆளில்லை என்கிறாயே" என்று அவனைக் கடிந்துகொண்டதாக யோவான் எழுதவும் இல்லை. நீங்கள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது அவன் சொன்ன அதே வாக்கியம்.

இன்னொன்று. 88ஆம் சங்கீதத்தை எடுத்து, கடைசியில் எங்கேயாவது ஓர் "ஆனாலும்" வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வராது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாமல், நண்பர்கள் விலகிப்போனதைச் சொல்லி இருளிலேயே முடிகிறது. அப்படியே அதை ஜெபப் புத்தகத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என் மனைவி போனபின் பத்து மாதம் அதைத்தான் வாசித்தேன். சபையில் ஞாயிறு வாசிப்பாக அதை ஒருமுறைகூடக் கேட்ட நினைவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பத்து மாதமும் நான் ஏதோ தவறு செய்கிறேன் என்று ஒளித்து வாசித்திருக்க மாட்டேன்.

எழுப்புதல் தீ · திங்கள், காலை 8:10

வாத்தியார் ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அந்த 38 வருடத்துக்காரனின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. இயேசு அவனைச் சுகமாக்கினார். படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்தான். சுகத்தை எதிர்பார்க்காதீர்கள் என்று ஒரு சகோதரிக்குக் கற்றுக்கொடுப்பதா ஆறுதல்?

மேலூர் வாத்தியார் · திங்கள், காலை 8:41

நியாயமான கேள்வி. பாதியில் நிறுத்தியது உண்மை. சுகத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி, எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறவர் அவர். வாரத்துக்கு மூன்று தடவை ஆட்டோ பிடிக்கிறவரைவிட அதிகமாக யார் எதிர்பார்க்க முடியும்? அந்த எதிர்பார்ப்பின் நடுவில் கூட இருக்க ஆள் இல்லை என்பதே அவர் சொல்வது.

ஆனால் அந்த மண்டபங்களில் மற்றவர்களும் கிடந்தார்கள். அன்றைக்கு எழுந்து நடந்ததாக எழுதியிருப்பது ஒருவனைப் பற்றித்தான். மீதிப் பேரின் வீட்டில் அன்று இரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கடுகு · திங்கள், காலை 9:30

பவுல் தம்முடைய நண்பர் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டு வந்ததாகத் தாமே எழுதியிருக்கிறார் (2 தீமோத்தேயு 4:20). அடிக்கடி உடல்நலம் கெடும் தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். பவுலுக்கும் விசுவாசம் போதவில்லை என்று யாராவது அவர் வாசற்படியில் நின்று சொன்னார்களா, தெரியவில்லை.

இந்தப் பக்கத்துக் கதை வேண்டுமென்றால், என் பாட்டி வீடு டோனாவூருக்குப் பக்கம். அங்கே பணிசெய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை, இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். அந்த அறையை இன்றும் மரியாதையோடு பேசுகிறோம். நம் தெருவில் ஒருவர் அதேபோல் படுத்தால் மட்டும் பாவத்தைத் தேடச் சொல்கிறோம்.

பசுமலைக்காரர் (பசுமலை) · திங்கள், முற்பகல் 11:05

தொடர்ச்சியாக ஒரு வரலாற்றுத் துணுக்கு. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் அடுத்தடுத்துக் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்தார்கள். பிழைக்க வழி தேடித்தான் 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் சுற்றுலா போகும் ஊர், நோய்க்கு அஞ்சிய விசுவாசிகள் மலையேறிக் கண்ட ஊர். நோய்க்கு அஞ்சுவது அவிசுவாசம் என்றால் நமக்கு ஏரியும் இல்லை, படகும் இல்லை.

ஒரு மறுப்பும் சொல்ல வேண்டும். சபையின் குறையை இப்படிப் பொதுவில் எழுதுவது சரியா? சகோதரி முதலில் ஆயரிடம் போய்ப் பேசியிருக்கலாம்.

தையல்காரி · திங்கள், பிற்பகல் 3:15

பசுமலை ஐயா, பேசினேன். இரண்டு தடவை. ஜெபக் குறிப்பில் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நான்கு சபைகளை ஒருவராகப் பார்க்கிறார். பெயர் இப்போதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஞாயிறுதோறும் வாசிக்கிறார்கள். ஒருமுறை இனிஷியலை மாற்றி வாசித்தார்கள். அன்றைக்கு ஆண்டவர் வேறு யாருடைய சிறுநீரகத்தைப் பார்த்தாரோ என்று என் கணவர் கேட்டார். அவருக்கு இன்னும் கேலி வருகிறது. எனக்குத்தான் வற்றிவிட்டது.

வாத்தியார் ஐயா, 88ஐ வாசித்தேன். இரண்டு தடவை. ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. நன்றி.

கீழவெளி வீதி (மதுரை) · திங்கள், இரவு 9:20

நான் கத்தோலிக்கன். இந்த உரையாடலில் நுழையலாமா என்று யோசித்தேன், பிறகு நோய்க்குச் சபைப் பிரிவு கிடையாது என்று நுழைந்துவிட்டேன்.

அக்கா, எங்கள் மதுரைப் பேராலயம் வியாகுல அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. சின்ன வயதில் எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. மற்ற ஊர்களில் ஆரோக்கிய அன்னை, சகாய அன்னை என்று பலன் தரும் பெயர்களாக இருக்க, நமக்கு மட்டும் ஏன் துக்கப்படுகிற மாதா என்று அம்மாவிடம் கேட்பேன். என் தம்பி விபத்தில் படுத்த வருடம்தான் புரிந்தது. யோவான் நற்செய்தியில் மரியா சிலுவைக்கு அருகில் நின்றார் என்று மட்டும் இருக்கிறது. அங்கே அவர் என்ன பேசினார் என்று இல்லை. ஆணியைப் பிடுங்கவில்லை, தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. நின்றார். இன்றும் கீழவெளி வீதி வழியாகப் போகிற இந்துப் பெண்கள்கூட உள்ளே வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்து போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஏதாவது ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்களோ.

இன்னொன்று, சொந்தக்காரர்களால் வரும் தனிமை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நோபிலியை, தத்துவ போதகர் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அவரைப் பற்றி மேலிடத்துக்குக் குற்றம் எழுதி அனுப்பியவர் வெளியாள் இல்லை. அதே மதுரையில் அவருக்கு முன்பிருந்து பணி செய்துகொண்டிருந்த அவருடைய இயேசு சபையையே சேர்ந்த துறவி. கிறிஸ்தவரான பிராமணர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாமா என்ற அந்த வழக்கு 1623இல் ரோமாபுரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லும்வரை இழுத்தது. கடைசிக் காலத்தில் பார்வையும் மங்கி, 1656இல் மயிலாப்பூரில் இறந்தார். நம்மவர்களே முதுகில் குத்தும் வலியை முதலில் அனுபவித்தவர் நீங்கள் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன். அதனால் உங்கள் வலி குறையும் என்று நான் நினைக்கவில்லை.

அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007இல் அச்சில் வந்தபோது எங்களில் பலர் ஆடிப்போனோம். பல பத்தாண்டுகள் ஆண்டவர் அருகில் இருப்பதையே உணராமல், உள்ளே இருட்டோடு, தினமும் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார். உணர்வு வேறு, நம்பிக்கை வேறு என்று பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னால் கொட்டாவி விடுவேன். அந்தக் கடிதங்களுக்குப் பிறகு விடுவதில்லை.

பழைய நடத்துநர் (திருமங்கலம்) · செவ்வாய், காலை 6:00

எல்லாரும் வராதவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். வராதவன் ஒருவன் எழுதுகிறேன்.

என்னோடு இருபத்தாறு வருடம் ஒரே டிப்போவில் வேலை பார்த்த நண்பன். ஒரே சபை. வாயில் புற்றுநோய் வந்தது. முதல் மாதம் வாரம் தவறாமல் போனேன். பிறகு ஒரு வாரம் மகள் வீட்டு விசேஷம், போகவில்லை. அடுத்த வாரம், சென்ற வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பானே என்று கூச்சம். அதற்கடுத்த வாரம் அந்தக் கூச்சம் இரண்டு மடங்கு. இப்படியே மூன்று மாதம். அவனை நினைக்காத நாள் இல்லை. நினைக்க நினைக்கத்தான் போக முடியாமல் போயிற்று.

ஒருநாள் மாட்டுத்தாவணியில் அவனும் அவன் மனைவியும் வெளியூர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். துண்டால் வாயை மூடியிருந்தான். நான் ராஜபாளையம் வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். டீசல் புகையில் நின்றுகொண்டு, ஆண்டவரே அவன் என்னைப் பார்க்கக்கூடாது என்று ஜெபித்தேன். அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

நான்கு மாதம் கழித்து அடக்க ஆராதனைக்குப் போனேன். பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

தங்கச்சி, உங்கள் சபையார் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சிலர் அப்படித்தான் இருப்பார்கள். நிறையப் பேர் என்னைப்போல ஏதாவது ஒரு வண்டிக்குப் பின்னால் நிற்கிறார்கள். இது சாக்கு இல்லை, நடந்ததைச் சொன்னேன்.

இரவுப் பணி (அண்ணா நகர், மதுரை) · செவ்வாய், காலை 7:45

இரவு முழுக்க விழித்திருந்து இதை வாசிக்கிறேன், தூக்கம் போய்விட்டது. பதினோரு வருடம் டயாலிசிஸ் பிரிவில் செவிலியாக இருந்தவள். ஆறுதல் வார்த்தைகளை மற்றவர்கள் எழுதட்டும். பார்க்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தவை சில உண்டு.

டயாலிசிஸ் அன்று மாலை வீட்டுக்குப் போகாதீர்கள். நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்திருக்கிறது. பிழிந்து காயப்போட்ட துணிபோல் கிடப்பார்கள். மறுநாள் போங்கள். பழம், இளநீர் வேண்டாம். "ஒரு வாய் காப்பி குடியுங்கள், ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். குடிக்கிற நீர் சிறுநீராகப் போகாமல் உடம்பிலேயே நிற்கும். காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும் வரும். சித்திரை வெயிலில் மதுரையில் தண்ணீரை அளந்து குடிப்பது எப்படிப்பட்ட உபவாசம் என்று, நாற்பது நாள் உபவாசம் இருந்ததாகச் சாட்சி சொல்கிறவர்கள் ஒருநாள் முயன்று பார்க்கலாம்.

முக்கியமானது: ஜெபிக்கும்போது கையைப் பிடித்து அழுத்துகிறோம் இல்லையா, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருக்கிற கையை அப்படிப் பிடிக்கவே கூடாது. அந்தக் கையில் இரத்த அழுத்தம்கூடப் பார்ப்பதில்லை. ஆவியில் நிறைந்து ஒருவர் அந்தக் கையைப் பிடித்து உலுக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த நோயாளி வலியில் கத்தினார். பிசாசு ஓடுகிறது என்று நினைத்து அவர் இன்னும் இறுக்கினார்.

தையல்காரி அக்கா, உங்களுக்கு ஒன்று. உங்கள் கணவரின் கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். நீங்கள் கடைசியாக என்றைக்கு முழு இரவு தூங்கினீர்கள்? சிரிப்பு வற்றிவிட்டது என்று எழுதியதை நான் கவனித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள், நடு இரவிலும் எடுப்பார்கள். இதைச் சொன்னால் ஜெபிக்கிறவர்களுக்கு எதற்கு அது என்பார்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் கொண்டுவந்தது பிரசங்கம் இல்லை, தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார்கள். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று ஆண்டவர் கேட்டது அதன்பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபின்.

எழுப்புதல் தீ · செவ்வாய், முற்பகல் 10:20

கையைப் பற்றி எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. நான் இரண்டு பேருக்கு அப்படி ஜெபித்திருக்கிறேன்.

ஆண்டவர் சுகமாக்குகிறவர் என்பதில் நான் மாற மாட்டேன். அது வேறு.

நெறியாளர் · செவ்வாய், முற்பகல் 11:00

இழையில் இருவர் தங்கள் கைப்பேசி எண்ணைப் போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டீர்கள், ஆனாலும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். குறிப்பிட்ட சபையின் பெயரை ஊகித்து எழுதிய ஒரு பின்னூட்டமும் போய்விட்டது. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

மேலூர் வாத்தியார் · செவ்வாய், மாலை 6:30

நடத்துநர் ஐயா எழுதியதை வாசித்தபின் காலையிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. ஒரு யோசனை. கடுகு எடுத்துக்காட்டிய அதே அதிகாரத்துக்குத் திரும்பிப் போகிறேன், 2 தீமோத்தேயு நான்கு.

பவுல் சிறையில் இருக்கிறார், முடிவு தெரிந்துவிட்டது. முதல் விசாரணையில் ஒருவனும் என்னோடு நிற்கவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்கிறார். அடுத்த வரியிலேயே கர்த்தர் எனக்குத் துணையாக நின்றார் என்கிறார். நம் பிரசங்கங்கள் இந்த இடத்தில் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் நின்றார், பிறகு மனிதர் எதற்கு என்று முடித்துவிடும். பவுல் அப்படி முடிக்கவில்லை. கர்த்தர் துணை நின்றதை எழுதிய அதே கையால், சீக்கிரம் வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். மாற்குவை அழைத்துக்கொண்டு வா. துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா. புத்தகங்கள், முக்கியமாகத் தோற்சுருள்கள். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு.

குளிர்கிறது, அதனால் மேலங்கி வேண்டும். இத்தனை பெரிய அப்போஸ்தலர், எந்த ஊரில் யார் வீட்டில் எந்தத் துணி என்று விலாசத்தோடு கேட்கிறார். எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டால் நாற்பது பேர் ஆமென் சொல்லுவார்கள். கார்ப்பு வீட்டு மேலங்கி என்று கேட்டால் ஒருவன் எழுந்து போய்த்தான் ஆகவேண்டும்.

அம்மா, உங்கள் மேலங்கி எது? வெட்கப்படாமல் விலாசத்தோடு சொல்லுங்கள்.

கடுகு · செவ்வாய், மாலை 6:42

வாத்தியார் ஐயாவுக்கு நூற்றுக்கு நூறு. கேட்பதைப் பற்றி ஒரு சிறு தகராறு: கேட்க வேண்டியதும் நோயாளி வீட்டாரின் வேலைதானா? ஏற்கெனவே ஆட்டோ, அளந்த தண்ணீர், தையல். இதில் உதவிக்கு விண்ணப்பம் எழுதும் வேலையும் சேர வேண்டுமா? முதல் மாதம் வந்த நாற்பது பேரில் ஒருவராவது ஆரஞ்சை வைத்துவிட்டு "எந்த நாள் நான் வரட்டும்" என்று கேட்டிருக்கலாம்.

மேலூர் வாத்தியார் · செவ்வாய், மாலை 7:05

கேட்டிருக்க வேண்டும். நீ சொல்வது சரி மகளே. நான் சொன்னது அவர்கள் கேட்காதபோது என்ன செய்வது என்பதற்கு.

தையல்காரி · செவ்வாய், இரவு 10:50

இன்று டயாலிசிஸ் நாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கைப்பேசியில் வாசித்தேன். நடத்துநர் அண்ணன் எழுதியதற்கு அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த உசிலம்பட்டிப் பாட்டி, உள்ளே யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் பத்து மாதமாக என் கணவருக்கு அடுத்த படுக்கை. பத்து மாதமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், இன்றுதான் பேசினோம். அவர் கருமாத்தூர்ப் பக்கம் மாதாகோயிலுக்கும் போவாராம், பேச்சியம்மனுக்கும் போவாராம். "எவள் கண் திறந்தாலும் சரி" என்றார். ஒன்றும் சொல்லாமல் பாதி முறுக்கைக் கொடுத்தேன்.

வாத்தியார் ஐயா கேட்டதற்கு. யோசித்து யோசித்து அழித்து எழுதுகிறேன், கேட்பது பழக்கமில்லை. என் மேலங்கி வியாழக்கிழமை. உள்ளே இருப்பவருக்குத் துணையாக ஓர் ஆள் வெளியே இருந்தே ஆகவேண்டும் என்கிறார்கள். இரத்த அழுத்தம் இறங்கினால் கூப்பிடுவார்கள், நடுவில் பத்து நிமிடம் உள்ளே போய்ப் பார்க்கவும் விடுவார்கள். வியாழன் ஒருநாள் அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் நான் வீட்டில் இருந்து தைப்பேன். வாரத்துக்கு ஐந்து பிளவுஸ் கூடுதலாக முடிக்கலாம். ஆட்டோவில் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் நான் செய்துகொள்கிறேன். நடுவில் உட்கார மட்டும் ஆள் வேண்டும். அவரோடு ஆவிக்குரிய விஷயம் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவருக்குக் கிரிக்கெட் பிடிக்கும்.

பழைய நடத்துநர் · செவ்வாய், இரவு 10:58

வியாழன் நான் வருகிறேன். திருமங்கலத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். எனக்கு பஸ் பாஸ் உண்டு. விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தங்கச்சி.

இரவுப் பணி · புதன், காலை 8:00

அண்ணா, போகும்போது கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள், சொல்லிவிட்டால் போதும். கூச்சப்பட்டு அடுத்த வாரமும் நின்றுவிடாதீர்கள்.

பழைய நடத்துநர் · வியாழன், இரவு 8:15

போய் வந்தேன். ஒரு மணிக்கு உட்கார்ந்தேன், ஐந்தேகாலுக்கு எழுந்தேன். நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தங்கச்சி பதினான்கு மாதம் என்று எழுதியது எவ்வளவு என்று முதுகுக்குப் புரிந்தது. உசிலம்பட்டிப் பாட்டி, புது ஆள் யார் என்று விசாரித்தார். மச்சான் முறை என்று சொல்லிவிட்டேன், அதுதான் சுருக்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார். "அண்ணே, மதுரைக்குள்ளே எந்த பஸ்ஸில் வந்தீர்கள்" என்று கேட்டார். விளக்குத்தூண் பக்கம் இறங்கி வந்தேன் என்றேன். "அடுத்த வாரம் அங்கே இறங்கும்போது ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வாருங்கள். மெதுவாகக் குடியுங்கள். பாதாம் பிசின் எவ்வளவு போட்டான், நன்னாரி வாசம் வந்ததா, பால் சுண்டியிருந்ததா என்று எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்" என்றார். எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது தம்பி, டாக்டர் விட மாட்டார் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் செவிலி ஓடிவந்து மெஷினைப் பார்த்தார்.

கீழவெளி வீதி · வியாழன், இரவு 8:40

எனக்குச் சர்க்கரை இல்லை. குடித்துவிட்டு அறிக்கை சமர்ப்பிக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து வரலாமா அக்கா?

தையல்காரி · வியாழன், இரவு 9:30

வாருங்கள் தம்பி. இன்று ஆறு பிளவுஸ் முடித்தேன். ஒன்றுக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன், பிரிக்க வேண்டும். வீட்டில் நான்கு மணி நேரம் தனியாக இருந்தேன். இந்தத் தனியாக இருந்தது வேறு மாதிரி இருந்தது.

எழுப்புதல் தீ · வெள்ளி, காலை 6:10

சகோதரி, சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. நான் உட்காரலாமா? பழம் கொண்டுவர மாட்டேன். கையைத் தொட மாட்டேன். ஜெபிக்க மட்டும் அனுமதி வேண்டும், சத்தமில்லாமல்.

தையல்காரி · வெள்ளி, காலை 6:35

வாருங்கள். ஜெபியுங்கள், எங்களுக்கும் வேண்டும். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதீர்கள்.